முழுக்கைச் சட்டை

ஆரணியிலிருந்து கிளம்பிய படவேடு பஸ்ஸில் ஹேமநாத் ஏறினான். இன்று வேறு வேலை இருந்தது. விடிந்தபோது அது இல்லை.

படவேட்டில் இறங்கி நடந்தான். மலைப்பாதையில் புங்கமரங்கள் துளிர்த்திருந்தன. பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காத்தாயி கேட்டாள். "முகூர்த்த நாளும் அதுவுமா தனியா மலையேறிகினு போறியே தம்பி, கல்யாணம் காட்சி எதுவும் இல்லியா?"

"இருந்துச்சுக்கா."

"பங்குனி வெயில்ல முழுக்கைச் சட்டை வேற. மடிச்சு வுட்டுக்கயேன்."

மடித்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு.

காத்தாயி பதறினாள். "மாப்பிள்ளையா நீ! காப்பு கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாதுப்பா!"

"பொண்ணு நேத்தே தாண்டிடுச்சுக்கா."

காத்தாயி கயிற்றைக் காட்டினாள். "அப்ப அதை அவுத்துப் போட்டுட்டுப் போ."

"பொண்ணு கையாலதான் அவுக்கணும்க்கா."

சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினான்.