அழிப்பதற்கு முன்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேலி செய்து செல்போனில் எதையாவது போட்டால், அதை அழிப்பதற்கு முன்னால் போட்ட பிள்ளையின் வீட்டிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். சிலம்பாயி கான்கிரீட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, காலில் காய்ந்த சிமெண்டோடு வந்து நின்றாள். பக்கத்தில் மகள் இலக்கியா தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். கூடப் படிக்கும் தேவிகா வகுப்பில் பாடம் வாசிக்கத் திணறியதை இவள்தான் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தேவிகா வரவில்லை. இனி பள்ளிக்கூடப் பக்கமே வரமாட்டேன் என்கிறாளாம்.

"கீழ என்ன எழுதியிருக்கான்னு நீங்களே படிங்கம்மா" என்று டீச்சர் போனை நீட்டினார்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மிஸ்" என்றாள் இலக்கியா அவசரமாக.

தெரியாமலே இருந்திருக்கலாம் என்று சிலம்பாயிக்கு ஒரு கணம் தோன்றியது. போன மழைக்காலத்தில் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோது அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இலக்கியாதான். அம்மா எத்தனை தரம் தப்பாய்ப் படித்தாலும் மகள் ஒருநாளும் சிரித்ததில்லை.

சிலம்பாயி விரலை முந்தானையில் துடைத்து, மகள் பழக்கிய மாதிரியே எழுத்தின் மேல் வைத்து நகர்த்தினாள்.

"ஒன்… பதாவது… வந்தும்… எழுத்துக்… கூட்டுது. இதெல்லாம்… எதுக்கு…"

அடுத்து இருந்தது 'ஸ்கூலுக்கு' என்ற சொல்; அதன் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். போனை மகள் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன எழுத்து பாப்பா? இதை நீ எனக்குச் சொல்லித் தரலையே."

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். விரல் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது.