சீறல்

கடைசிக் குழாய் வெடிக்கவில்லை.

திரி எரிந்து உள்ளே போனதை அவன் பார்த்திருந்தான். மணலில் பாதி புதைத்த இரும்புக் குழாயின் வாயிலிருந்து நூல்போலப் புகை வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். அரை மணி நேரம் யாரும் கிட்டே வரக்கூடாது.

அம்மன் கொடைத் திருவிழாவின் வாணவேடிக்கையைப் பார்க்க ஊரே ஆற்றுமணலில் உட்கார்ந்திருந்தது. முழுப்பரீட்சை லீவுக்கு வந்த பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், பாய்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

பிள்ளைகள் கத்துவது தெரிந்தது. கேட்கவில்லை.

மாசானத்துக்குக் காது போய் ஒன்பது வருஷம். இதேபோல வெடிக்காத ஒரு குழாயைக் கூட்டாளி எட்டிப் பார்த்தபோது, இவன் நாலடி தள்ளி நின்றிருந்தான். கூட்டாளி அங்கேயே போய்ச் சேர்ந்தான். இவனுக்குச் சத்தம் மட்டும் போயிற்று. அன்றிலிருந்து மனைவியின் குரல் இல்லை. மழை இல்லை. வெடியும் இல்லை.

மனைவியின் தம்பி இருளப்பன் தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

"நமுத்துப் போச்சு அத்தான். தண்ணி ஊத்திட்டு வந்திருதேன்."

மாசானம் உதட்டசைவில் படித்துக்கொண்டான். வேண்டாம் என்று தலையாட்டினான். அதற்குள் இருளப்பன் நடந்துவிட்டான்.

அப்போதுதான் கேட்டது.

மெல்லிய சீறல். ஈர விறகு தீப்பிடிக்கும்போது வருவது போல.

கேட்கிறது என்று வியக்கக்கூட நேரமில்லை. ஓடினான். இருளப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இருவரும் மணலில் குப்புற விழுந்தார்கள். வாளி உருண்டது.

ஒன்றும் ஆகவில்லை.

கூட்டம் சிரித்தது. இருளப்பன் எழப் பார்த்தான். மாசானம் முழங்காலை அவன் முதுகில் ஊன்றிக்கொண்டான்.

சீறல் நிற்கவில்லை.

மணல் ஒருமுறை துள்ளியது. பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே சூடாக ஏதோ கடந்து போயிற்று. புகை விலகியபோது, குழாய் நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

இருளப்பன் வாயிலிருந்த மணலைத் துப்பினான்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கேட்டுது."

இருளப்பன் அவன் காதுகளைப் பார்த்தான்.

இதுவும் வேடிக்கையில் சேர்த்திதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

மாசானம் எழுந்தான். அசையாமல் நின்றான்.

சீறல் இன்னும் கேட்டது.

பிளந்த குழாயிடம் குனிந்தான். அங்கே இல்லை. மற்ற குழாய்கள் எல்லாம் காலி. ஒன்பது வருஷம் சும்மா கிடந்த காதுக்குத் திசை சொல்லத் தெரியவில்லை. ஆற்றின் பக்கம் இரண்டடி வைத்தான். சத்தம் தேய்ந்தது. திரும்பிக் கயிற்றை நோக்கி நடந்தான்.

கூடியது.

இன்னும் நடந்தான். இன்னும் கூடியது.

"எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க."

தன் குரல் எவ்வளவு தூரம் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான். கும்பிடு போடுகிறான் என்று நினைத்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. அவள் அவன் கைகளைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். மடியில் தூங்கிய பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். செருப்பைக்கூடத் தேடவில்லை.

அவளைப் பார்த்துப் பக்கத்துப் பாய் எழுந்தது. பிறகு அதற்குப் பின்னால் இருந்தவர்கள். பிறகு எல்லோரும்.

கடைசி ஆள் கரையேறும்வரை அவன் கைகளை இறக்கவில்லை.

மணலில் பாய்களும் செருப்புகளும் மட்டும் கிடந்தன. ஒரு பாய் காற்றில் ஓரம் மடங்கிற்று.

இருளப்பன் வந்து நின்றான்.

"இப்பவும் கேக்குதா?"

மாசானம் தலையாட்டினான்.

 இருளப்பன் அத்தானின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். நாற்பது அடி தள்ளிப் போய், இருவரும் மணலில் படுத்து, காலிப் பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.