ஜன்னலை விட்ட பாசி

ஆய்வுக்கூடத்து நீர்ப்பாசிக்கு வெளிச்சம் என்றால் உயிர். ஜாடியில் எப்போதும் ஜன்னல் பக்கமாகவே திரண்டு நிற்கும். அதன் சாறு கொழுப்பைக் கரைக்குமா என்று மூன்று மாதமாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் இம்மியும் இளைக்கவில்லை. ஜாடி கழுவும் அக்காதான் இளைத்தாள். பன்னிரண்டு வருடமாகக் கழலாத மோதிரம் விரலில் சுற்ற ஆரம்பித்தது.

“எலிக்குக் குடுக்கறத நீங்க குடிக்கறீங்களாக்கா?” என்று ஆய்வாளர் கேலி செய்வார்.

“அந்த நாத்தத்தையா? நல்லா கேட்டீங்க சார்.”

ஒரு திங்கட்கிழமை பாசி ஜன்னலை விட்டுவிட்டு, அவள் உட்காரும் இருட்டு மூலைப் பக்கம் திரண்டிருந்தது. மறுநாள் அவள் விடுப்பு. ஆய்வாளர் ஃபோன் செய்தார்.

“உங்க வீடு ரயில்வே கேட் பக்கமாக்கா?”

“ஆமா சார். ஏன்?”

“பாசி அந்தப் பக்கமா நிக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

வழியெல்லாம் அவர் ஃபோனை வைக்கவில்லை. “இப்போ பாலத்துக்கிட்ட திரும்பிட்டீங்க” என்றார், அவள் சொல்லாமலே. பஸ் அப்போதுதான் திரும்பியிருந்தது.

அவள் உள்ளே வந்து ஜாடியின் மேல் கை வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஐந்து விரலோடு ஒரு பச்சைக் கை மெல்லத் திரண்டது. அவள் கையைவிடக் குண்டான கை. மோதிரம் இறுக்கிய தடம்கூட அதில் இருந்தது.