பேனரில் டாக்டர்

எங்கள் ஊரின் ஒவ்வொரு முக்கிலும் என் மகள் தர்ஷிகா டாக்டராக நிற்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் முதல் மதிப்பெண் எடுத்த அன்றே, சால்வை போர்த்தி, அவள் முகத்தையும் குரலையும் பள்ளி தன் விளம்பரத்துக்கென்று எழுதி வாங்கிக்கொண்டது. ஆளைப் பார்த்துப் பேசும் டிஜிட்டல் பேனரில் அந்த முகத்துக்கு வருடா வருடம் வயதைக் கூட்டினார்கள். போன வருடம் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிவிட்டார்கள். அது போகிற வருகிற தாய்மாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச, அட்மிஷன் குவிகிறது. மூன்றாவது கிளைக்கு நிலம் பார்க்கிறார்களாம்.

நிஜ தர்ஷிகாவுக்கு மருத்துவ சீட் கிடைக்கவில்லை. பி.எட். முடித்துவிட்டு, அதே பள்ளியில் வேலை கேட்க என்னோடு வந்தாள்.

தாளாளர் அவளைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"டாக்டர்னு பேனர்ல நிக்கிற பொண்ணு எல்.கே.ஜி. மிஸ்ஸா வந்தா, பேரண்ட்ஸ் என்னம்மா நினைப்பாங்க? எங்க வளர்ச்சித் திட்டமே படுத்துரும்."

"உங்ககிட்ட படிச்ச புள்ளைக்கு நீங்களே வேலை குடுக்கலைன்னா வேற யாருங்க குடுப்பாங்க?" என்றேன்.

"வெளியூர்ல பாருங்க. அதுவரைக்கும் முகத்தை மூடிக்கிட்டு நடமாடச் சொல்லுங்க." மகா வள்ளல், மேசையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினார். அதிலும் பள்ளியின் பெயர்.

தர்ஷிகா அதை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தாள். வாசல் பேனர் அவள் பக்கம் திரும்பி, அவளுடைய குரலிலேயே சிரித்துக்கொண்டு கூப்பிட்டது.

"அக்கா, உங்க குழந்தையும் என்னை மாதிரி வரணும்ல? உள்ள போய் ஃபாரம் வாங்குங்க!"