முதலில் என்னை அளந்து பாருங்கள்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த அளவுக் கருவிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஈயம், 0.0412! கிணற்றை மூடுங்கள்!" என்று அறிவித்தது. வேதியியலாளர் செங்கமலம் அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

அலமாரியில் இருந்த காய்ச்சி வடித்த நீர்க் குப்பிக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு வீடு குடிக்கிற கிணறாயிற்றே! "அக்கா, நில்லுங்க! முதல்ல என்னை அளக்கச் சொல்லுங்க."

கருவி சிரித்தது. "உன்னையா? உனக்குள்ளே என்ன இருக்கு? உப்பு உண்டா, ருசி உண்டா?"

"ஒண்ணுமே இல்லை ஐயா. அதைத்தான் சொல்லுங்களேன், பார்ப்போம். இல்லாததை இல்லைன்னு சொல்லத் தெரியாதவர் பேச்சை நம்பியா கிணற்றை மூடுறது?"

செங்கமலம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வழக்கமாக முதலில் அந்த வெறும் நீரைத்தான் அளப்பாள். புதுக் கருவியின் பளபளப்பில் மறந்துபோயிருந்தாள். குப்பியிலிருந்து ஒரு வாய் ஊட்டினாள்.

கருவி விழுங்கியது. கிணற்றுக்குச் சொன்ன அதே 0.0412 திரையில் வந்து நின்றது.

"உங்க வாய்க்குள்ள இருக்கிற அழுக்கை எங்க கிணற்றுத் தலையிலே கட்டப் பார்த்தீங்களே!" என்றது குப்பி.

செங்கமலம் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குப்பியைக் கையில் எடுத்தாள். கருவியின் வாயைக் கழுவிவிட அந்தத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது.