அடித்துத் திருத்திய சொல்

அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பத்திரம் எழுதும் பெரியவர், அவர் மகன், மருமகள், கையில் ஃபைலோடு நர்ஸ், கட்டிலில் படுத்திருந்தவள், பிறந்து இரண்டு மணி நேரமே ஆன பெண் குழந்தை. பிறகு ஆளுக்கொன்று பேசியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

குழந்தை மகனுக்கும் மருமகளுக்கும் உரியது. சுமந்து பெற்றவள் கட்டிலில் இருந்தவள்.

ஒன்பது வருடம். மருமகளுக்கு எத்தனையோ ஊசி, எத்தனையோ ஸ்கேன். இரண்டு தடவை தங்கியது. இரண்டு தடவையும் மூன்று மாதம் தாண்டவில்லை. இனி இந்தக் கர்ப்பப்பை தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மருமகள் தையல் கடை வைத்திருப்பவள். தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் கட்டிலில் இருக்கும் இவள் போன் செய்தாள்.

"எனக்கு ரெண்டு இருக்கு, அதுங்க அடிக்கிற கூத்தே போதும். வயிறு சும்மாதான் கிடக்கு. உங்க பிள்ளையைக் கொண்டுவந்து வையுங்க, வளர்த்துத் தரேன்."

மகனும் மருமகளும் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். பெரியவர் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு பரிசோதனைக்குக்கூட அவர் வராமல் இருந்ததில்லை. வண்டி பிடித்து வருவார். முன் சீட்டில் விறைப்பாக உட்காருவார். பள்ளம் வந்தால் டிரைவரிடம் "மெதுவா" என்பார்.

பின் சீட்டை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

காலையில் ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பியதும் அவர்தான். நாற்பது வருடம் பத்திரம் எழுதிய கை. அவர் எழுத்தில் அடித்தல் திருத்தல் பார்த்தவர்கள் கிடையாது. 'கூட இருப்பவர்' என்ற இடத்தில் தன் பெயர். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில், முத்து முத்தாக, 'தெரிந்தவர்'.

நர்ஸ் அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தாள்.

"ரத்தம் நிக்கல சார். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகணும். தெரிஞ்சவங்க கையெழுத்து இதுக்கு ஆகாது. இவங்களுக்குச் சொந்தம்னு யாரும் வரலையா?"

கட்டிலில் இருந்தவளின் கணவன் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வர இன்னும் பதினாறு நாள் இருந்தது.

ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை கையில் இருந்தும் மருமகள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நான் போடறேன். குடுங்கப்பா."

பெரியவர் பேனாவை விடவில்லை.

"எழுதினவன்தான்டா திருத்தணும்."

அது அவர் தொழிலின் ஒழுங்கு. ஒரு சொல்லை அடித்தால் எழுதியவனே அடிக்க வேண்டும். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, பிழை என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வருடத்தில் அவருக்கு அந்த அவசியம் வந்ததில்லை.

'தெரிந்தவர்' மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் கோணியது.

அதற்கு மேலே 'தகப்பனார்' என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

நர்ஸ் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமே சார்."

"எழுதியிருக்கலாம்மா."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கலாம். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக, 'எனக்கு ஒரே மகன், வேறு பிள்ளைகள் இல்லை' என்று வீட்டுப் பத்திரத்தில் எழுதியதும் இதே கைதான். அதிலும் அடித்தல் திருத்தல் கிடையாது.

தள்ளுவண்டியை நகர்த்தினார்கள். வெளுத்துப்போன முகத்தை அவள் இந்தப் பக்கம் திருப்பினாள். அவருடைய எழுதுமேசைக்கு அடியில் உட்கார்ந்து விளையாடி வளர்ந்தவள். அந்தத் தொழிலின் ஒழுங்கெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"அடிச்சுத் திருத்தினா செல்லுமாப்பா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். "நீ ஒத்துக்கிட்டா செல்லும்."

அவள் தலையை ஆட்டினாள். சிரித்த மாதிரியும் இருந்தது.

ஐம்பது நிமிடத்தில் திரும்பி வந்தாள். பிழைத்துக்கொண்டாள். மருமகள் குழந்தையைப் பெரியவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கொண்டுபோய் மகள் தலைமாட்டில், அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பெரியவர் பெரிய மனது பண்ணி, ஒதுக்கி வைத்த மகளை மன்னித்து வீட்டில் சேர்த்துக்கொண்டார் என்று சொந்தபந்தங்கள் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அது தவறு. மன்னித்தது மகள்.