வளைவிலே ஒரு கல்

“ஒரு கல்லு வச்சுட்டுப் போங்க, சாமி.”

பாதையின் குறுக்கே வந்து நின்றவளைப் பார்த்ததும், சைக்கிளில் வந்த வாத்தியார் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார்.

“நார்த்தாமலையிலயும் சுங்கம் வச்சுட்டாங்களா? காசுக்குப் பதிலா கல்லா?”

பின்னால் நடந்து வந்த குடும்பங்கள் கொல்லென்று சிரித்தன.

பிரகதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாலு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் இவ்வளவு தூரம் ஏறி வந்தாயிற்று. நல்ல நாளும் அதுவுமாய் இவள் யார், நடுவில்?

அது அவள் கணவர் போட்ட பாதை. வக்கீல் ஆத்மநாதன், சுகநடைச் சங்கத்தின் காரியதரிசி. மலை என்றாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிற புதுக்கோட்டைக்காரர்களைப் பெண்டு பிள்ளைகளோடு சுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று, ஒரு வருஷமாய் ஆள் வைத்துப் பாறை உடைத்து, மேட்டைச் சரித்துப் போட்டார். சைக்கிளை உருட்டாமல் மிதித்துக்கொண்டே போகலாம். இன்று திறப்பு விழா.

அந்த வளைவில் மட்டும், பாதையில் பாதியை அடைத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் குவியல். அதன் பக்கத்தில்தான் அவள் நின்றாள்.

“யாரு நீ?” என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

“பொன்னுத்தாய்ங்க, தாயி. பாதை வேலைக்கு வந்த குழந்தைசாமி பொண்டாட்டி. பாறை உருண்டு, இந்த எடத்துலதான் எம்புருசன் உசுரு போச்சு.”

பிரகதாம்பாள் குன்றாண்டார்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. வழியில் அகாலமாய் ஓர் உயிர் போன இடத்தைக் கடக்கிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். வைக்காமல் தாண்டினால் செத்தவன் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிடுவான் என்பார்கள். வீட்டில் பாயில் கிடந்து செத்தவனுக்கு யாரும் கல் வைப்பதில்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஆத்மநாதன் திரும்பி வந்தார்.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? ஒம்புருசன் காய்ச்சல்ல, வீட்டுல செத்தான். மேஸ்திரி அழகுமலை ஊர்க் கூட்டத்துல சத்தியம் பண்ணிச் சொன்னானா, இல்லையா? வேலை நடந்த அன்னைக்கெல்லாம் நானும் இங்கதான் நின்னேன். ஒரு பாறைகூட உருளலே.”

“மேஸ்திரி சொன்னாருங்க.”

“அப்புறம் என்ன? ஏதாச்சும் பணம் தேறுமான்னு பாக்குற.”

“பணமா கேட்டேன்? கல்லுத்தானே சாமி கேட்டேன்.”

வாத்தியார் பெல்லை அடித்தார். மேஸ்திரி அழகுமலை ஓடி வந்து, “ஏய், நல்ல காரியத்துல ஒப்பாரி வைக்காத. அங்கிட்டுப் போ!” என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

அவள் பிரகதாம்பாளைப் பார்த்தாள்.

“நீங்களாச்சும் ஒண்ணு வைங்க, தாயி. எம்புள்ளை வயித்துல இருக்கு. ஒங்கப்பன் எங்க செத்தான்னு நாளைக்கு நான் அதுக்குக் காட்ட, இது ஒண்ணுதான் இருக்கு.”

குழந்தை என்ன நினைத்ததோ, குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தது. பிரகதாம்பாள் அதன் புறங்கையில் ஓர் அடி வைத்தாள்.

“போடுடி கீழே! பொய்க்கெல்லாம் நாம கல்லு வைக்கிறதில்லே.”

குழந்தை அழுதுகொண்டே வளைவைத் தாண்டியது.

சுனைக்கரையில் புளியோதரை முடிந்ததும் ஆத்மநாதன் பேசினார்.

“இது ஏழை, பணக்காரர், பெரியவர், சிறியவர் எல்லாருக்குமான பாதை. மலையே ஏறாதவர்களும் இதில் ஏறலாம். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் போட்ட பாதை.”

கைதட்டல் பாறைகளில் மோதித் திரும்பி வந்தது.

“எல்லாம் சரி சார், அந்த வளைவுதான் இடிக்குது,” என்றார் வாத்தியார். “கல்லைப் பாக்குறதா, ஹாண்டில்பாரைப் பாக்குறதா?”

“நாளைக்கு அங்க கல்லு இருக்காது. அழகுமலை, விடிஞ்சதும் மொத்தத்தையும் அள்ளிச் சரிவுல கொட்டிடு.”

“ஆகட்டுங்க.”

சபாஷ் என்று நினைத்துக்கொண்டாள் பிரகதாம்பாள். படித்தவர் என்றால் இப்படி இருக்க வேண்டும். இந்தப் பேய்க்கும் பிசாசுக்கும் பயந்து பயந்துதானே தன் பிறந்த ஊரே பாழாய்ப் போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் இறங்கியது. வளைவில் பொன்னுத்தாய் இல்லை. மேஸ்திரி எப்போதோ விரட்டியிருந்தான். “நீங்கள்லாம் போய் பஸ்ல ஏறுங்க. எல்லாரும் எறங்கிட்டாங்களான்னு பாத்துட்டு நான் கடைசியா வாரேன்,” என்று ஆத்மநாதன் பின்தங்கினார்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் அடுப்புக்கரியில் ஓடுகிற பஸ். அதைக் கிளப்புவதே பெரிய பாடு. கிளப்பி வைத்துக்கொண்டு டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். அவர் வந்தபாடில்லை. குழந்தையை வாத்தியார் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு, பிரகதாம்பாள் மறுபடியும் ஏறினாள். எத்தனை தரம் ஏறினாலும் கால் நோகாத பாதைதான்.

வளைவுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டாள்.

ஆத்மநாதன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். மேலே பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். குனிந்து, பூசணிக்காய் பருமனில் ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கிக் குவியலின் உச்சியில் வைத்தார். அது உருளாமல் நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு கைகூப்பி, மெல்லிய குரலில் சொன்னார்:

“குழந்தைசாமி, எம்மக சின்னவ. அவ பின்னால மட்டும் வந்துடாதப்பா.”